பள்ளக்காட்டு ஈரம்

சேலம், ஃபேர்லேண்ட்ஸ்
மார்ச் 9, 2025

அன்புள்ள மாமாவுக்கு,

மைதிலி எழுதுகிறேன். போனில் கேட்டால் நீங்கள் பாதியில் வைத்துவிடுவீர்கள், இல்லாவிட்டால் நான் அழுது வைத்துவிடுவேன். கடுதாசியை அப்படி வைக்க முடியாது. மேஜை மேல் போட்டாலும் மறுநாள் எடுத்துப் படிக்கலாம். இது வக்கீல், விவாகரத்து சம்பந்தப்பட்டது இல்லை, பயப்படாமல் படியுங்கள்.

ஆபீசில் இப்போது மல்லசமுத்திரம் பக்கத்து மண்ணை வகைப்படுத்துகிறோம். ஆளுயரக் குழி வெட்டி, மேலிருந்து கீழ்வரை நிறம், பிசுபிசுப்பு, வேர், கல், ஈரம் எல்லாம் எழுதி, கடைசியில் இது இன்ன வகை என்று சொல்லும் வேலை. 'மண்ணுக்கு ஜாதகம் எழுதறவ' என்று ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லோரிடமும் என்னைக் கேலி பண்ணுவீர்களே, அதேதான். நம் ஊருக்கு நான் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கூட வேலை பார்க்கும் பிரவீனா போனாள். ஏரிக்குக் கீழே சின்னுசாமி பெரியப்பா காட்டில், நம் பள்ளக்காட்டுக்கு அடுத்த வரப்பில், குழி வெட்டியிருக்கிறாள். அவள் எழுதியது நேற்று சரிபார்க்க என்னிடம் வந்தது.

மேலே கறுப்பு, களி மிகுந்தது. இரண்டடிக்குக் கீழே சாம்பல் நிறம், அதில் துருப் புள்ளிகள். வடிகால், ஓரளவு குறைவு.

அந்தப் புள்ளிகள் இருந்தால் வருஷத்தில் சில மாதம் தண்ணீர் இறங்க வழியில்லாமல் அங்கே நிற்கிறது என்று அர்த்தம் மாமா. ஊறிக் கிடக்கிற மண் நிறம் செத்துச் சாம்பலாகும். வேர் வழியாகக் கொஞ்சம் காற்று போகிற இடம் மட்டும் துருப்பிடிக்கும். இதை எத்தனையோ ஊருக்கு நானே எழுதியிருக்கிறேன். நேற்று அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

கனிஷ்காவை எங்கே வைத்தீர்கள்?

பொம்பளைகள் காட்டுக்கு வரக் கூடாது என்று என்னை வீட்டிலேயே பிடித்து உட்கார வைத்தார்கள். நாலு வயதுப் பிள்ளையை எரிக்கக் கூடாது, நம் காட்டில்தான் புதைக்க வேண்டும் என்று யாரோ சொன்னது மட்டும் காதில் விழுந்தது. ஐந்தாம் நாள் நான் அம்மா வீட்டுக்குக் கிளம்பி வந்துவிட்டேன். இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. நான் கேட்கவும் இல்லை, நீங்கள் சொல்லவும் இல்லை. கேட்டால் நிஜமாகிவிடுமோ என்று பயந்துகொண்டே இருந்துவிட்டேன்.

மேட்டுக்காடா, பள்ளக்காடா? ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

மைதிலி

*

தோட்டம்
மார்ச் 17, 2025

மைதிலிக்குக் கதிர்வேல் எழுதறது.

தபால்காரரு கையெழுத்து வாங்காம நீட்டினதுமே வக்கீல் நோட்டீசு இல்லைன்னு தெரிஞ்சு போச்சு. எனக்கு உன்னையாட்ட எழுத வராது. பேசற மாதிரித்தான் வரும். சிரிக்காத.

பள்ளக்காடுதான்.

மொதல்ல மேட்டுக்காட்டுக்குத்தான் போனோம். நானும் நம்ம பண்ணையத்து அப்புசாமியும். அன்னிக்கு மழை பேஞ்சும் அந்தச் செம்மண்ணுல கடப்பாறை எறங்கல. ஒரு மொழத்துக்குக் கீழ பூராச் சுக்காங்கல்லு. ஆழம் இல்லீன்னா நாயி நோண்டிப் போடும்னு அப்புசாமி சொன்னான். அதைக் கேட்டதுக்கப்பறம் அங்க எனக்குக் கையே ஓடல. பள்ளக்காட்டுல மண்ணு இளகிக் கெடந்துச்சு. என்ற நெஞ்சாழம் எறங்கிச்சு. நாந்தான் உள்ள எறங்கிப் பாப்பாவைக் கையில வாங்கினேன்.

இன்னொண்ணும் கேட்டுக்க. எங்கய்யன் பாகம் பிரிக்கறப்ப பங்காளி செங்கோட்டையண்ணங்கிட்ட மல்லுக்கு நின்னு வாங்கின காடு அது. நம்மகிட்ட இருக்கறதுலயே உசத்தி மண்ணு. வெச்சது எதுவும் அதுல பொய்த்ததில்ல. அத்தாத்தண்டிக் கரும்பு அதுலதான் வந்துச்சு, நீயே பாத்திருக்கறே. அந்த மண்ணை எம்பிள்ளைக்குக் குடுத்தேன். அதுக்கப்பறம் அதுல ஏரு பூட்டல, கரம்பாத்தான் கெடக்குது. அதைப் போயி வடிகால் கொறவுன்னு எழுதறீங்களே, ஆரைக் கேட்டு எழுதறீங்க? உங்க ஆபீசுக்காரிக நாலு பேரு வந்து குழியை வெட்டிப் பாத்துட்டுப் போயிருவீங்க. நான் பொறந்ததுல இருந்து அதுல நிக்கறேன்.

உண்டு ஒடம்பைப் பாத்துக்க. போன தடவை கோர்ட்டு வாசல்ல பாக்கறப்ப எளைச்சுக் கெடந்தே.

கதிர்வேல்

*

சேலம்
மார்ச் 24, 2025

அன்புள்ள மாமாவுக்கு,

கோபப்பட்டாவது இவ்வளவு எழுதினீர்களே. பாப்பா போன பிறகு அந்த ஐந்து நாளில் நீங்கள் என்னிடம் இத்தனை வார்த்தை பேசியிருந்தால் நான் கிளம்பியிருக்க மாட்டேனோ என்னவோ. நீங்கள் வாயைத் திறக்கவே இல்லை, நான் வாயை மூடவே இல்லை. உன்னால்தான், உன்னால்தான் என்று காய்ச்சல் வந்த நாளையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை விடுங்கள்.

உங்கள் மண்ணை நான் திட்டவில்லை. கரும்புக்கு அது உசத்திதான். கரும்புக்கு எது நல்லதோ அதெல்லாம் நம் பிள்ளைக்கும் நல்லதா மாமா? அவளுக்கு ஈரம் ஆகாது. தலைக்கு ஊற்றினால் நெஞ்சுச்சளி பிடிக்கும் என்று துண்டை வைத்துக்கொண்டு பாத்ரூம் வாசலில் நிற்பது நீங்கள்தானே. படுக்கையை நனைத்துவிட்டால் அழக்கூட மாட்டாள். எழுந்து வந்து உங்கள் நெஞ்சின் மேல் ஏறிப் படுத்துக்கொள்வாள். அவளை அந்தச் சாம்பல் மண்ணில் நினைத்தால் நானும் துண்டைத் தேடி எழுந்துவிடுகிறேன்.

பிரவீனா வெட்டியது பக்கத்துக் காடு. ஒரே ஏரிக்குக் கீழே இருந்தாலும் காட்டுக்குக் காடு மாறும். நம் இடத்தில் வேறு மாதிரி இருக்கலாம். எனக்கு வந்து பார்க்கத் தைரியம் இல்லை. நீங்கள் பார்த்து எழுதுங்கள். அவளுக்கு நாலடி தள்ளி, இடுப்பளவு ஒரு சின்னக் குழி எடுங்கள். ஒவ்வொரு சாணுக்கும் ஒரு பிடி மண்ணை எடுத்துத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, கட்டை விரலால் ஆள்காட்டி விரல் மேல் தள்ளுங்கள். பட்டையாக எவ்வளவு நீளம் உடையாமல் வருகிறது, என்ன நிறம், புள்ளி இருக்கிறதா, எங்கே ஈரம் தொடங்குகிறது என்று பாருங்கள். எனக்கு வேண்டும் என்பதற்காக எதையும் நல்லதாக்கி எழுத வேண்டாம்.

காலையில் வெறும் வயிற்றோடு காட்டுக்குப் போகாதீர்கள்.

மைதிலி

*

தோட்டம்
ஏப்ரல் 13, 2025

மைதிலிக்கு,

எழுத நாளாயிருச்சு. கோவில் நோம்பி, மோட்டார் ரிப்பேரு, அதெல்லாம் இருந்துச்சு. அது காரணம் இல்ல. மம்பட்டியை எடுத்துட்டுப் போவேன், அங்க போயி உக்காந்துட்டு எந்திரிச்சு வந்துருவேன். நேத்துத்தான் வெட்டினேன்.

மேல ரெண்டு சாண் கருப்பு. பிசைஞ்சா கைய உட்டுப் போக மாட்டீங்குது, ரெண்டு தடவை கழுவியும் நகத்துல நிக்குது. நீ சொன்ன மாதிரி தள்ளிப் பாத்தேன், பட்டை என்ற நடுவெரல் நீளத்துக்கு ஒடையாம வந்து தொங்குது. மூணாவது சாண்ல கட்டி கட்டியாப் பேந்து வருது. ஒவ்வொரு கட்டியும் ஒரு பக்கம் வழுவழுன்னு, தேச்சு வெச்சாப்பல மின்னுது. அதுக்குக் கீழ சாம்பலு. புள்ளி இருக்குது மைதிலி. துருப்பிடிச்ச தகரம் மாதிரி, அங்கொண்ணு இங்கொண்ணு. பொய் எழுத வேண்டாம்னே, அதனால எழுதறேன். சின்னச் சின்னதா சுக்காங்கல்லும் இருக்குது.

ஆனா ஒண்ணு. உனக்குச் சந்தோசமா இருக்கும்னு சொல்றேன். பங்குனி வெயில்ல காடே பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்குது. கன்னுக்குட்டி கால உட்டா ஒடிஞ்சு போகும். நம்ம பாப்பா இருக்கற எடத்துல மட்டும் ஒரு வெடிப்பு இல்ல. ஒரு சாணுக்குக் கீழயே ஈரம், ஜில்லுன்னு. வெயிலு அவளைத் தொடவே இல்ல.

ஒறம்பரையெல்லாம் அந்த விவாகரத்துப் பேப்பர்ல கையெழுத்துப் போடுன்னு நச்சறாங்க. நீ போன வருசமே கையெழுத்துப் போட்டு அனுப்பினது பீரோவுலயே கெடக்குது. இருக்கட்டும்னு உட்டுட்டேன். வேற என்னமோ தேடறப்ப கையில தட்டும், திரும்பி வெச்சிருவேன்.

கதிர்வேல்

*

சேலம்
ஏப்ரல் 19, 2025

மாமா,

உங்கள் கடுதாசி வந்ததிலிருந்து நான் நானாக இல்லை. எங்கள் ஆபீஸ் ஆட்களே இவ்வளவு நன்றாக எழுத மாட்டார்கள். அதனால்தான் பயமாக இருக்கிறது.

சந்தோஷமாக இருக்கும் என்று எழுதினீர்களே, அந்த ஈரம்தான் மாமா எல்லாவற்றையும்விட மோசம். சுற்றிலும் வெடித்துக் கிடக்கிற காட்டில், பங்குனிக் கடைசியில், ஒரு சாணுக்குக் கீழே ஈரம் என்றால் அடியில் ஊற்று இருக்கிறது. ஏரித் தண்ணீர் அந்த இடத்தில் வந்து கசிகிறது. ஓரளவு குறைவு இல்லை, இது அதற்கும் கீழே. அவள் வருஷம் முழுக்க, ஒரு நாள் விடாமல், தண்ணீரில் கிடக்கிறாள்.

வழுவழுப்பாக மின்னுகிறது என்றீர்களே, மழைக்கு வீங்கி வெயிலுக்குச் சுருங்கும்போது கட்டியோடு கட்டி உரசி வருவது அது. சும்மா கிடக்காத மண். உள்ளே இருப்பதை அசைத்துக்கொண்டே இருக்கும்.

அவளை எடுத்து மேட்டுக்காட்டில் வைத்துவிடலாம் மாமா. கல்லாக இருந்தாலும் மிஷின் வைத்து ஆழமாக வெட்டலாம். மழை வருவதற்குள் செய்ய வேண்டும். வைத்ததைத் தோண்டக் கூடாது என்று ஊரில் சொல்வார்கள், தெரியும். ஊர் சொன்னதைக் கேட்டுத்தானே ஒரு பிடி மண்கூடப் போடாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். இந்தத் தடவை நானும் வந்து நிற்கிறேன். இதைச் செய்துவிட்டால் நான் திரும்பி வந்துவிடுகிறேன் மாமா. நிஜமாகத்தான் சொல்கிறேன். மேட்டுக்காட்டில் அவள் உலர்ந்து கிடக்கிறாள் என்று தெரிந்தால் அந்த வீட்டில் என்னால் சோறாக்க முடியும்.

மைதிலி

*

தோட்டம்
ஏப்ரல் 28, 2025

மைதிலிக்கு,

ஊத்தும் இல்ல, கசிவும் இல்ல. அந்த ஈரம் நான் ஊத்தினது.

உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு இல்ல. எதுக்குன்னு ஆருகிட்டயுமே சொல்லல. அவ போன அடுத்த சித்திரையில காடு வெடிச்சுது. வருசா வருசம் வெடிக்கறதுதான், நல்ல களின்னா வெடிக்கும், வெடிச்சாத்தான் அடுத்த வெள்ளாமை நல்லா வரும்னு நானே பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கறேன். ஒருநாளு பொழுதோட போறேன், அவ மேல நேரா ஒரு வெடிப்பு. குனிஞ்சு பாத்தேன். அடி தெரியல. கைய உட்டேன், தோள்பட்டை வரைக்கும் போச்சு மைதிலி. அதுக்கு மேல உட எனக்குத் தைரியம் இல்ல.

மண்ணை அள்ளிப் போட்டு மூடினேன். மறு வாரம் பக்கத்துல வெடிச்சுது. அன்னிக்கு ஆரம்பிச்சதுதான். பங்குனி, சித்திரை, வைகாசி, மழை வாரவரைக்கும் கெணத்துல இருந்து கொடத்துல எடுத்துட்டுப் போயி, சுத்தியும் விரிவா ஊத்துவேன். குழாய் போட்டு உட்டரலாம்னு அப்புசாமி சொன்னான். குழாய்ல உட மனசு வரல. பாக்கறவங்க கரம்புக்கு எதுக்கு இவன் தண்ணி ஊத்தறான்னு கேப்பாங்க. பைத்தியம்னு சொல்றதும் காதுல உழுகும். சொல்லிட்டுப் போகட்டும்.

நீயி ஈரம்னு பதறறே. எனக்கு வெடிப்புதான் தெரியுது. எம்பிள்ளை மேல வானம் தெரியற மாதிரி ஒரு ஓட்டை இருக்கறத என்னால பாக்க முடியாது.

எடுத்து வெக்கற பேச்சு வேண்டாம். ஊருக்காகச் சொல்லல. அன்னிக்கு அவளை எறக்கறப்ப பச்சை சொட்டர் போட்டிருந்தா, நீ பின்னினது. மறுபடியும் எறங்கி என்னத்தைப் பாக்கச் சொல்றே? நீ திரும்பி வாரேன்னு எழுதினதைப் பத்துத் தடவை படிச்சேன். அதுக்காக என்ன வேணாலும் செய்யலாம்னு தோணுச்சு. மம்பட்டியை எடுத்துட்டே போயிட்டேன். மண்ணைத் தொட்டதும் முடியல. மன்னிச்சுக்க.

சும்மா கெடக்காத மண்ணுன்னு எழுதினயே. அவளும் சும்மா கெடக்காதவதானே மைதிலி.

கதிர்வேல்

*

சேலம்
ஜூன் 2, 2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்களுக்குத் தெரியாமல் போன வியாழக்கிழமை வந்திருந்தேன். பிரவீனா ஆபீஸ் ஜீப்பில் கூட்டிவந்தாள். ஏரிக்கரைக்கு மேல் நிறுத்தச் சொல்லி, கருவேல மரத்தோரம் நின்றேன். இறங்கி வந்து உங்களோடு சண்டை போட்டாவது அவளை எடுக்க வைக்க வேண்டும் என்றுதான் வந்தேன்.

நீங்கள் குடத்தோடு வந்தீர்கள். மடமடவென்று கவிழ்க்கவில்லை, குடத்தின் வாயில் கையை அணைத்துச் சன்னமாக ஊற்றினீர்கள். அவளுக்குத் தலைக்கு ஊற்றும்போது கண்ணில் படாமல் நெற்றியில் கை வைப்பீர்களே, அதே மாதிரி. பிறகு வரப்பில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தீர்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்கவில்லை. கையை ஆட்டி ஆட்டி ஏதோ கதை. நான் இரண்டு வருஷமாக உங்களிடம் எந்தப் பேச்சுக்காகத் தவித்தேனோ அதெல்லாம் அங்கே நடந்துகொண்டிருந்தது. நான் இறங்கி வரவில்லை. நடுவில் புகுந்த மாதிரி ஆகிவிடும்.

இனி எடுக்க வேண்டாம். நான் கேட்க மாட்டேன். இத்தனை மழைக்கும் வெயிலுக்கும் அந்தக் களி அவளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டிருக்கும். எங்கே அவள் முடிகிறாள், எங்கே மண் தொடங்குகிறது என்று நம்மால் பிரிக்க முடியாது.

ஆனால் அந்தச் சாம்பலும் புள்ளிகளும் உங்கள் குடத்தால் வந்தவை இல்லை மாமா. உங்கள் தண்ணீருக்கும் என் பயத்துக்கும் எவ்வளவோ முன்னாலிருந்தே அவை அங்கே இருக்கின்றன. வெயிலில் நீங்கள் சொன்னது சரி. ஐப்பசி கார்த்திகையில் நான் சொன்னதும் சரி. தண்ணீர் நிற்கத்தான் நிற்கிறது. அதற்கு ஒன்று செய்யலாம். ஏரிப் பக்கமாக, அவளுக்கு மேற்புறத்தில், வளைத்து ஒரு வாய்க்கால் எடுத்து ஓடைக்கு விட்டால் வருகிற தண்ணீர் அவளைத் தொடாமல் ஒதுங்கிப் போகும். களியில் எடுத்த வாய்க்கால் நிற்காது, மழைக்கு மழை இடிந்து மூடிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் ஒருவர் இறங்கி அள்ள வேண்டும்.

அதை நான் செய்கிறேன். வெயில் காலம் உங்களுடையது, மழைக் காலம் எனக்கு. பிரிந்து போகிறவர்கள் பிள்ளையை இந்த மாசம் உன்னிடம், அடுத்த மாசம் என்னிடம் என்று வைத்துக்கொள்வதைக் கோர்ட்டில் பார்த்தோமே. நாமும் அப்படி வைத்துக்கொள்ளலாம்.

பள்ளக்காடு தெரிகிற ஜன்னலில் நின்று என்னால் தினம் சோறாக்க முடியாது. அதை விட்டு உங்களால் ஒரு நாள் வெளியூரில் தங்க முடியாது. இதில் யார் மேல் தப்பு சொல்வது? அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். நான் வருகிற நாட்களில் நீங்கள் தோட்டத்தில் இருக்க வேண்டாம். இருந்தால் நான் திரும்பிப் போக மாட்டேன். போகாமல் இருந்தால் ஒரே வாரத்தில் மறுபடி உன்னால்தான் என்று தொடங்கிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும்.

ஊற்றுகிற இடத்தில் நிலக்கடலைத் தோலும் தென்னை மட்டையும் மூடாக்காகப் போடுங்கள். வெடிப்பு குறையும். உங்களுக்கும் நடை குறையும், முழங்கால் வலிக்கிறது என்று நடையிலேயே தெரிந்தது.

மைதிலி

*

தோட்டம்
அக்டோபர் 20, 2025

மைதிலிக்கு,

பதிலு போடாம இத்தனை மாசம் ஓட்டிட்டேன். பேப்பரை இதோட வெச்சிருக்கறேன். ரெண்டு எடத்துலயும் கையெழுத்துப் போட்டிருக்கறேன், பாத்துக்க.

முந்தாநேத்து மழை புடிச்சிருச்சு. பங்குனியில நான் எடுத்த குழியை மூடாமத்தான் உட்டிருந்தேன். காலையில போயிப் பாத்தா ரெண்டடிக்குக் கீழ தண்ணி நிக்குது. பொழுதுக்கும் ஒக்காந்து பாத்தேன், ஒரு விரக்கடை எறங்கல. நீ சொன்னது நெசந்தான். உங்க ஆபீசுல இன்னும் எழுதாம வெச்சிருந்தா வடிகால் கொறவுன்னே எழுதிக்கச் சொல்லு. நான் சண்டைக்கு வல்ல. உசத்தி மண்ணுதான், அதுக்கும் ஒரு கொறை இருந்துட்டுப் போகுது.

இனி உன்ற மொறை. வார ஞாயித்துக்கெழமை வந்தா சரியா இருக்கும், மழை சித்தே வெறிக்கும்னு தோணுது. மம்பட்டி மோட்டார் ரூம்ல இருக்குது. காம்பு உனக்கு நீளம்னு அறுத்துச் சின்னதாக்கி வெச்சிருக்கறேன். மொழங்கால் வரைக்கும் பூட்சு ஒண்ணு வாங்கினேன், உன்ற அளவுதான்னு நெனக்கறேன். களி இழுக்கும், ஒரே எடத்துல நிக்காத. சாவி வாசல் நெலவுக்கு மேல. சோறு, தயிரு, நாரத்தங்காய் எல்லாம் மூடி வெச்சுட்டுப் போறேன். உண்ணாமப் போகாத. நான் பள்ளிபாளையத்துல அக்கா ஊட்டுக்குப் போயிர்றேன். நீ போனதுக்கப்பறம் வாரேன்.

எந்த எடம்னு தெரியாமத் தடுமாறிராத. மூடாக்குப் போட்ட எடம். தலை வடக்கால. நீ அந்தப் பக்கமா உக்காந்தா அவ மொகத்துக்கு நேரா இருக்கும். எப்பவும் அங்க உக்காந்துதான் பேசுவேன். பேச என்ன இருக்குதுன்னு மொதல்ல தோணும், ஒக்காந்தா வந்துரும்.

பாப்பாகிட்டச் சொல்லிட்டேன். அப்பன் கொஞ்ச நாளைக்கு வர மாட்டேன், அம்மா வருது சாமி, தண்ணியெல்லாம் அது பாத்துக்கும், வெயிலு வந்ததும் நான் வந்தர்றேன்னு சொல்லிட்டுத்தான் கெளம்பறேன்.

கதிர்வேல்